மல்லாந்து கிடப்பவர் எப்படிச் சாய்க்கிறார்?

மல்யுத்தமும் ஜூடோவும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் ஒரு காட்சி எளிதில் விளங்காது. ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். அவருடைய கால்களுக்கு நடுவே இன்னொருவர் மண்டியிட்டிருக்கிறார், அல்லது நின்றபடி குனிந்திருக்கிறார். மல்யுத்தக் கணக்கில் முதுகு மண்ணில் பட்டவர் தோற்றவர். ஜூடோவிலும் வீசப்பட்டு முதுகு படிய விழுந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. இங்கேயோ நடுவர் எதையும் நிறுத்துவதில்லை. கீழே கிடப்பவரும் பதறுவதில்லை. சற்று நேரத்தில் மேலே இருந்தவர் புரண்டு விழுகிறார்; கீழே கிடந்தவர் அவர் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

கால்களை எதிராளிக்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டு கீழே இருக்கும் நிலைக்குக் கார்டு என்றும், அங்கிருந்து எதிராளியைப் புரட்டி மேலே வருவதற்கு ஸ்வீப் என்றும் பெயர். ஸ்வீப்புகளைக் கற்றுத்தரும் பாடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பிடி, ஒரு வரிசை. அந்த வரிசை தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிற வேலையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். எதிராளியின் உடல் எடையை அவருடைய ஆதாரத்துக்கு வெளியே நகர்த்தும் வேலை அது, நிலைகுலைத்தல். ஜூடோக்காரர்கள் இதைக் குசூஷி என்பார்கள். ஜியு-ஜிட்சு பள்ளிகளிலும் அந்தச் சொல் இன்று சகஜமாகிவிட்டது.

நிலைகுலைத்தலை ஸ்வீப்பின் முதல் படி என்று மட்டும் எண்ணுவது குறைபட்ட பார்வை என்பது என் முடிவு. கீழே இருப்பவரின் தற்காப்பு, தாக்குதல், எழுந்து நிற்பது எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. எதிராளி விழுந்தாரா என்று பார்த்து அதன் வெற்றியை அளக்கக் கூடாது. விழாமல் தப்பிக்க அவர் ஒரு கையையோ காலையோ செலவழிக்க வேண்டியிருந்ததா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டால், கார்டின் வரலாற்றில் தனித்தனியாகத் தெரியும் பல விஷயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன.

நின்றவர்களின் கோட்பாடு

ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய் விரிப்பில், கோடோகான் ஜூடோவைத் தொடங்கினார். அவர் பயின்ற பழைய ஜுஜுட்சு மரபுகளில் ஒன்று கிட்டோ-ர்யு. 1885 வாக்கில் தன் ஆசிரியர் ஈகுபோவோடு பயிற்சி செய்தபோது, அதுவரை தன்னை எளிதாக வீசிக்கொண்டிருந்த அவரைத் தன்னால் திரும்பத் திரும்ப வீச முடிந்ததாகக் கானோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். வீசுவதற்கு முன்னால் எதிராளியின் நிலையைக் குலைத்துவிட வேண்டும் என்று கண்டுகொண்டதே அதற்குக் காரணம். அதிலிருந்து பிறந்ததுதான் ஜூடோவின் மூன்று கட்டப் பாடம்: நிலையைக் குலைத்தல், அதற்கேற்ப உடலைப் பொருத்துதல், வீச்சை முடித்தல். குலைப்பதற்கு எட்டுத் திசைகள் வகுக்கப்பட்டன. முன், பின், இரு பக்கங்கள், நான்கு மூலைகள்.

இந்தக் கோட்பாடு முழுக்க முழுக்க நிற்கும் இருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் ஜூடோவுக்குள்ளேயே ஒரு பாலம் இருந்தது. வீசுபவர் தானே எதிராளிக்கு அடியில் விழுந்து, விழுகிற வேகத்திலேயே அவரைத் தலைக்கு மேலே தூக்கிப் போடும் தியாக வீச்சுகள் அவை. வயிற்றில் பாதம் வைத்து உருட்டும் தோமோயே-நாகே, தொடையின் உட்பக்கம் காலைக் கொக்கிபோல் மாட்டித் தூக்கும் சுமி-காயேஷி இரண்டும் கானோவின் வீச்சுத் தொகுப்பான நாகே-நோ-காட்டாவிலேயே இடம்பெற்றவை. சுமி-காயேஷி போடுபவர் முதலிலேயே தரையில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய பட்டர்ஃபிளை ஸ்வீப் ஏறக்குறைய அதுதான்.

1914-இல் கியோட்டோவில் தொடங்கிய மாணவர் போட்டிகளான கோசென் ஜூடோவில் எதிராளியை நேராகத் தரைக்கு இழுத்துக்கொண்டு போவதற்குத் தடை இல்லை. அதனால் கீழிருந்து போராடும் கலை அங்கே செழித்தது. அதே 1914-இல் கோடோகான் வீரர் மிட்சுயோ மயேதா பிரேசிலுக்கு வந்து சேர்ந்தார். பெலேம் நகரில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய தம்பி ஹெலியோ உடல்வலு குறைந்தவர் என்பதால் நெம்புகோல் தத்துவத்தை வைத்துக் கலையையே மாற்றியமைத்தார் என்று ஒரு கதை பிரபலம். அதில் மிகை உண்டு. அவர் பயன்படுத்திய நுட்பங்களில் பெரும்பாலானவை ஜூடோவில் ஏற்கெனவே இருந்தவை. ஆனால் கீழே கிடப்பதைத் தோல்வியாகக் கருதாமல், பல நிமிடங்கள் பொறுமையாக இருந்து வேலை செய்யும் இடமாக அதைக் கருதும் பழக்கத்தை அந்தக் குடும்பம் ஊன்றியது. நம் கேள்விக்கு அதுதான் முக்கியம்.

விழ இடமில்லாதவர்

நின்றபடி ஒருவரை நிலைகுலைக்க முயல்பவர் தன் நிலையையும் பணயம் வைக்கிறார். இழுக்கிற இழுப்பு தவறினால் தானே முன்னால் சாய்வார், எதிர்வீச்சு வரும். மல்லாந்து கிடப்பவருக்கு இந்தப் பயம் கிடையாது. அவர் விழுவதற்குக் கீழே இடமில்லை. சமநிலையைக் காப்பதற்கு ஒரு காலைக்கூட அவர் செலவிட வேண்டியதில்லை. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேலைக்குத் தயார். மேலே இருப்பவரோ தன் நான்கு உறுப்புகளில் குறைந்தது இரண்டைத் தரைக்கு வாடகையாகக் கொடுத்தாக வேண்டும்.

இந்த அனுகூலத்துக்கு விலையும் உண்டு. கீழே இருப்பவருக்குத் தன் எடையை ஆயுதமாக்க முடியாது. அவருடைய இடுப்பை எதிராளி தரையோடு அழுத்திவிட்டால் நான்கு உறுப்புகளும் பயனற்றுப் போகும். ஆகவே கார்டில் முதல் சண்டை இடுப்பின் சுதந்திரத்துக்காக நடக்கிறது. இடுப்பு நகர்ந்தால்தான் கோணம் கிடைக்கும். கோணம் கிடைத்தால்தான் இழுப்புக்கும் தள்ளலுக்கும் பொருள் உண்டு.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்ற கேள்விக்குக் கொஞ்சம் இயற்பியல் பதில் சொல்கிறது. ஒருவரின் உடல் எடையின் மையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு அவருடைய ஆதாரப் பரப்புக்குள் இருக்கும்வரை அவர் நிற்பார்; வெளியே போனால் சாய்வார். மண்டியிட்டிருப்பவரின் இரு முழங்கால்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இடைவெளி என்றும், எடையின் மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் என்றும் வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அவர் கவிழ ஏறத்தாழ 22 பாகை சாய வேண்டும். அதே இடைவெளியில் பாதங்களை வைத்து நிமிர்ந்து நிற்பவருக்கு மையம் 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 12 பாகையே போதும். தோராயமான கணக்குதான். ஆனாலும் நிற்பவரைக் கவிழ்ப்பது எளிது என்பது அதில் தெரிகிறது. அப்படியிருந்தும் நிற்பவர் விழாமல் இருப்பது, அவரால் காலை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிவதால்தான். மண்டியிட்டவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கையைத்தான் ஊன்ற வேண்டும்.

திசை விஷயத்தில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. பல பள்ளிகளில் இது தெளிவாகச் சொல்லப்படுவதே இல்லை. இடுப்பை நிமிர்த்தி மண்டியிட்டிருப்பவரின் எடை கிட்டத்தட்ட முழங்கால்களுக்கு நேர் மேலே இருக்கிறது. பின்பக்கம் முழங்கால் முதல் கால்விரல் வரை நீண்ட ஆதாரம் உண்டு. முன்பக்கம் எதுவும் இல்லை. எனவே அவரை முன்னால் இழுப்பது எளிது, பின்னால் தள்ளுவது கடினம். சமமாகக் கால் வைத்து நிற்பவருக்கு நிலைமை தலைகீழ். எடை கணுக்காலுக்குச் சற்று முன்னே விழுகிறது. குதிகாலுக்கு அப்பால் ஆதாரம் இல்லை. ஆகவே அவர் பின்னால் விழுவது எளிது. குதிகால் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தள்ளும் எளிய ஸ்வீப் முதல் நாள் மாணவருக்கும் பலிப்பது இதனால்தான். மண்டியிட்டவரிடம் அதே தள்ளலை முயன்று பார்ப்பவர் சுவரைத் தள்ளுகிற உணர்வைத்தான் பெறுவார்.

ஊன்றிய கை

குழந்தைக்கு ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் ஓர் அனிச்சைச் செயல் வந்துவிடுகிறது. குப்புற விழப்போகிறோம் என்று உடல் உணர்ந்ததுமே இரு கைகளும் முன்னே நீண்டு விரல்கள் விரிகின்றன. குழந்தை மருத்துவர்கள் இதற்குப் பாராசூட் அனிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அது நம்மோடு இருக்கிறது. நிற்கும்போது யாராவது இடித்தால், சுமார் 100 மில்லி விநாடிக்குள் கால் தசைகள் இறுகிவிடுகின்றன; அதற்குப் பிறகுதான் சிந்தனை வருகிறது. கீழே இருப்பவர் பேசுவது இந்த அனிச்சைகளோடுதான். எதிராளி எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், சாய்கிற கணத்தில் அவருடைய கை ஒரு முடிவை அவரைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது.

க்ளோஸ்டு கார்டில், அதாவது எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பின்னிப் பூட்டியிருக்கும்போது, இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். மேலே இருப்பவர் முதுகை நிமிர்த்தி, இரு கைகளாலும் நம் மார்பையோ இடுப்பையோ அழுத்திக்கொண்டிருக்கிறார். கையால் அவரை இழுத்தால் அவர் முதுகின் பலம் நம் கையின் பலத்தை வென்றுவிடும். கால்களால் இழுக்க வேண்டும். முழங்கால்களை நம் தோளை நோக்கி மடக்கினால், பூட்டிய கால்கள் அவருடைய இடுப்பை முழங்கால்களுக்கு முன்னே தள்ளிவிடுகின்றன. முன்பக்கம் ஆதாரமில்லாத அவர், நம் தலைக்கு இருபுறமும் பாயில் கைகளை ஊன்றுகிறார். நம் மார்பை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு கைகளும் ஒரே கணத்தில் சண்டையிலிருந்து விலகிப் போயின. அவர் விழவில்லை. புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஆட்டத்தின் கணக்கு மாறிவிட்டது.

அவர் மறுபடி நிமிர முயலும்போது அடுத்தது வருகிறது. அவர் பின்னால் போகிற அதே தாளத்தில் நாமும் ஒரு கையைப் பின்னே ஊன்றி எழுந்து உட்கார்ந்து, மற்றக் கையை அவர் தோளுக்கு மேலாகச் சுற்றி அவருடைய மேற்கையைக் கட்டி, நம் இடுப்பால் அவர் இடுப்பை மூலைவாட்டில் இடிக்கிறோம். ஹிப் பம்ப் என்று சொல்வார்கள். கட்டுண்ட கையை அவர் ஊன்ற முடியாவிட்டால் புரண்டு விழுவார். எப்படியோ ஊன்றிவிட்டால், ஊன்றிய அந்தக் கைதான் நமக்கு வேண்டியது. மணிக்கட்டைப் பிடித்து மறுகையை அதன்மேல் பின்னினால் கிமுரா. 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹெலியோ கிரேசியை மசாஹிகோ கிமுரா வென்ற அதே பூட்டு. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டும் வேண்டாம் என்று அவர் முன்னால் முட்டித் தள்ளினால் தலையை நம் அக்குளுக்குள் கொண்டுவந்து கொடுக்கிறார். கழுத்து நெரிப்பான கில்லட்டின் காத்திருக்கிறது. மூன்று வழி, மூன்றிலும் நமக்கு ஒரு பலன். இந்த மூன்றையும் இயக்குவது ஒரே ஒரு இடுப்பு இடிதான். அதை வெறும் ஸ்வீப் என்று பெயரிட்டுக் கற்பிக்கும்போது மற்ற இரண்டும் மாணவரின் கண்ணில் படாமல் போகின்றன.

எது முதலில்?

நிலைகுலைத்தலைக் கற்பிப்பதில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, ஊன்றக்கூடிய கையையும் காலையும் முதலில் பிடித்து முடக்கிவிட்டு அந்த மூலைக்குச் சாய்ப்பது. பெண்டுலம் ஸ்வீப், சிசர் ஸ்வீப் போன்ற பழைய ஸ்வீப்புகள் இந்த வகை. பந்தலின் ஒரு காலைப் பிடுங்கிவிட்டால் அது எந்தப் பக்கம் சரியும் என்று சொல்லத் தேவையில்லை. மற்றது, எதையும் முடக்காமல் முதலில் சாய்ப்பது. அவர் எங்கே கையை வைக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்ததைச் செய்வது.

முதல் போக்கு பாடமாகச் சொல்லித்தர வசதியானது. கூட்டாளி ஒத்துழைக்கும்போது அழகாக வரும். ஆனால் தேர்ந்த எதிராளி தன் மேலங்கியின் ஸ்லீவை அவ்வளவு சுலபமாகப் பிடிக்க விடமாட்டார். பிடித்தாலும் முழங்கையை உள்ளே இழுத்து உடைத்துவிடுவார். எடையை நகர்த்தாமல் ஒரு கையை முடக்க முயல்வது அவருடைய முழு பலத்தோடு மோதுவது. இரண்டாவது போக்கில் கை தானாகவே தரைக்குப் போகிறது. தரையில் எடை தாங்கி நிற்கும் கையை உடனே பின்னிழுக்க அவராலேயே முடியாது. அப்போது பிடித்தால் பிடி நிலைக்கும். அதனால் நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். முதல் போக்கு தவறில்லை. இரண்டாவது பலித்த பிறகு அதுவே முடிப்பாக வந்து சேர்கிறது.

நியூசிலாந்துக்காரரான ஜான் டானகர், நியூயார்க்கில் ரென்ஸோ கிரேசியின் பள்ளியில் நீண்ட காலம் கற்பித்தவர், குசூஷி என்ற சொல்லைத் தரைப்போருக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். கால்பூட்டுகளால் அவருடைய மாணவர்கள் புகழ்பெற்றார்கள். ஆனால் அந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பூட்டு அல்ல, அதற்கு முந்திய கணம். எதிராளியின் எடை இரண்டு கால்களிலும் சமமாக இருக்கும்போது அவர் காலுக்கு அடியில் நுழைய முயன்றால், அவர் காலை உருவிக்கொண்டு நடந்துவிடுவார். முதலில் அவரை முன்னால் கவிழ்த்து இரு கைகளும் பாயைத் தொடச் செய்தால், கால்களைக் காக்கக் கைகள் இல்லை. புகுவதற்கு அதுதான் நேரம். ஸ்வீப் செய்யும் எண்ணமே இல்லாத ஒருவருக்கும் நிலைகுலைத்தல் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

காலைச் சிறைப்படுத்தியவர்கள்

மண்டியிட்டவரைக் காப்பாற்றுவது கை. நின்றவரைக் காப்பாற்றுவது அடியெடுத்து வைக்கும் கால். 1980-களுக்குப் பிறகு வந்த கார்டுகளில் பெரும்பாலானவற்றை இந்தப் பார்வையில் படித்தால் அவற்றின் நோக்கம் புலப்படும். காப்பாற்றும் உறுப்பைச் சிறைப்படுத்துவதற்காகவே அவை உருவாயின.

ரியோவில் கார்ல்சன் கிரேசியிடம் பயின்ற ரிக்கார்டோ டி லா ரீவாவின் பெயரைத் தாங்கிய கார்டில், நிற்பவரின் காலை வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து பாதம் தொடையில் கொக்கியாக மாட்டுகிறது. ஒரு கை குதிகாலைப் பிடித்திருக்கிறது. அந்தக் கால் இனி அடியெடுத்து வைக்க முடியாது. எடை அந்தக் காலின்மேல் வந்த கணத்தில் எந்தப் பக்கமும் சாய்க்கலாம். ஸ்பைடர் கார்டு இதையே கைகளுக்குச் செய்கிறது. ஸ்லீவ் இரண்டையும் பிடித்துப் பாதங்களை மேற்கைகளில் வைத்து நீட்டி மடக்கும்போது, எதிராளியின் கைகள் அவருடையவை அல்லாமல் போகின்றன. ஹாஃப் கார்டில் ராபர்ட்டோ கொர்ரேயா செய்த மாற்றத்துக்கு முழங்கால் காயம் காரணம். 'கோர்டோ' என்று அழைக்கப்பட்ட அவர், காயம்பட்ட காலைக் காக்க எதிராளியின் ஒரு காலை மட்டும் பின்னிக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தார். அதுவரை ஹாஃப் கார்டு என்றால் கார்டு பாதி உடைந்துபோன நிலை என்றே பொருள். அவருக்குப் பிறகு அது தாக்குதலுக்கான நிலையாயிற்று.

மார்செலோ கார்சியாவிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். 77 கிலோ எடைப் பிரிவில் ஏடிசிசி என்ற தரைப்போர்ப் போட்டியின் பட்டத்தை 2003, 2005, 2007, 2011 என்று நான்கு முறை வென்றவர் அவர். எடைப் பிரிவில்லாத போட்டிகளில் தன்னைவிட மிகவும் கனமானவர்களோடு மோதினார். ஏடிசிசியில் மேலங்கி கிடையாது. பிடிக்க ஸ்லீவும் இல்லை, காலரும் இல்லை, வியர்வை வேறு. அவர் மல்லாந்து கிடக்கவில்லை, உட்கார்ந்தார். தலையை எதிராளியின் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்து, ஒரு கையை அக்குளுக்கு அடியில் நுழைத்து, இரு பாதங்களையும் தொடைகளுக்கு உள்ளே கொக்கிபோட்டார். இந்தப் பட்டர்ஃபிளை கார்டில் புதியவர் காலால் தூக்கப் பார்ப்பார். தன்னைவிட 20 கிலோ கூடிய ஒருவரைக் காலால் தூக்க முடியாது. முன்னால் அழுத்தி வரும் எடையை நேராக ஏந்தாமல், ஒரு தோளின் மேல் பக்கவாட்டில் விழவேண்டும். அப்போது அந்த எடை தானாகவே ஒரு மூலைக்கு உருள்கிறது. கொக்கி அதற்குக் கடைசி உந்தலை மட்டும் தருகிறது. எதிராளி கையை ஊன்றியோ எழுந்து நின்றோ தப்பித்தால், கார்சியா அந்தச் சந்தில் அவருக்கு அடியில் நுழைந்துவிடுவார். இரு கால்களும் குறுக்காக எதிராளியின் ஒரு காலில் எக்ஸ் வடிவில் பின்னியிருக்க, அவருடைய மறுகால் கார்சியாவின் தோளில். நிற்பவரின் இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று விட்டு விலகிப் பிளக்கின்றன. அடியெடுத்து வைக்க இடமில்லை. எக்ஸ் கார்டு எனப் பெயர்பெற்ற அந்த நிலை, எதிராளி முதல் சாய்விலிருந்து தப்பித்ததால் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். தப்பிப்பதற்கு அவர் எழுந்து நின்றதுதான் அவர் கொடுத்த விலை.

விதிகள் எதைப் பார்க்கின்றன

சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி கார்டிலிருந்து புரட்டி மேலே வந்து மூன்று விநாடி நிலைத்தால் ஸ்வீப்புக்கு 2 புள்ளி. கார்டைத் தாண்டியவருக்கு 3, மார்பின்மேல் ஏறியவருக்கு 4. ஏடிசிசியில் ஸ்வீப் எதிராளியின் கார்டுக்குள்ளேயே முடிந்தால் 2, கார்டையும் தாண்டி முடிந்தால் 4. புள்ளிகள் கணக்கிடப்படும் பகுதியில் தானாகக் கீழே உட்கார்பவருக்கு ஒரு புள்ளி குறையும். இந்த எண்கள் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தலைமுறை வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்தார்கள் என்பதை அவைதான் முடிவு செய்தன. மூன்று விநாடி மேலே இருந்தால் போதும் என்பதால், இருவரும் ஒருவர் காலில் மற்றவர் பின்னிக்கொண்டு மாறி மாறி எழுந்து மாறி மாறிப் புள்ளி எடுக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி ஆட்டங்கள் வந்தன. புள்ளி ஏறுகிறது, நிலை எதுவும் முன்னேறவில்லை. அவற்றைப் பார்ப்பது எனக்கு வருத்தமான அனுபவம். கார்டு என்ற அருமையான கண்டுபிடிப்பு அங்கே வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

ஏடிசிசி போன்ற மேலங்கியில்லாப் போட்டிகளில் வேறொரு போக்கு வளர்ந்தது. எதிராளியைச் சாய்த்து அவர் கையை ஊன்ற வைத்தவுடன், அவரைப் புரட்டப் பாடுபடாமல் தானே எழுந்து அவர் காலைப் பிடித்து மல்யுத்தமாக முடிப்பது. ரெஸில்-அப் என்கிறார்கள். என் அளவுகோலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. நிலைகுலைத்தல் வாங்கிக்கொடுத்தது ஒரு விநாடி நேரத்தை. அந்த நேரத்தில் எழுந்து நிற்பதும் நியாயமான செலவுதான்.

குத்து அனுமதிக்கப்படும் போட்டிகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 1994 டிசம்பரில் யுஎஃப்சி 4 இறுதியில் ராய்ஸ் கிரேசி, தன்னைவிட மிகவும் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னுக்குக் கீழே ஏறத்தாழ 16 நிமிடம் கிடந்து, கடைசியில் கால்களால் முக்கோணமாகக் கழுத்தை நெரித்து வென்றார். ஸ்வீப் எதுவும் தேவைப்படவில்லை. ஓங்கிக் குத்த நிலையான அடித்தளம் வேண்டும். முன்னால் இழுபட்டு ஒரு கையை ஊன்றியிருப்பவர் அந்தக் கையால் குத்த முடியாது. அங்கே நிலைகுலைத்தல் முதலில் ஒரு கவசம்.

கற்பிப்பதும் எதிர்ப்பதும்

பெரும்பாலான வகுப்புகளில் ஸ்வீப்பின் படிகளைக் காட்டி, அசையாத கூட்டாளியின்மேல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். அசையாதவருக்கு அனிச்சையும் வேலை செய்யாது. ஆகவே மாணவர் கற்பது கடைசிப் பகுதியை மட்டுமே. அமெரிக்காவின் மேரிலாந்தில் கற்பிக்கும் கிரெக் சவுடர்ஸ் போன்றவர்கள் இதற்கு எதிராகச் சிறு விளையாட்டுகளை முன்வைக்கிறார்கள். கீழே இருப்பவருக்கு ஒரே இலக்கு: மேலே இருப்பவரின் கையோ புட்டமோ பாயைத் தொட வேண்டும். மேலே இருப்பவரின் இலக்கு கால்களைத் தாண்டுவது. நுட்பத்தின் பெயர் எதுவும் சொல்லப்படுவதில்லை. திசையும் நேரமும் இந்த முறையில் விரைவில் வசப்படுகின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலங்கிப் பிடிகள் இப்படித் தானாகக் கண்டுபிடிக்கப்படுபவை அல்ல. டி லா ரீவா கொக்கியின் கோணத்தையோ ஸ்லீவைப் பிடிக்கும்போது விரல்கள் எப்படி மடங்க வேண்டும் என்பதையோ யாராவது காட்டித்தான் ஆகவேண்டும். விளையாட்டில் தொடங்கி, மாணவர் ஒரு இடத்தில் திணறும்போது பிடியைக் காட்டுவது எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது.

மேலே இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கார்டைத் தாண்டுபவர்களின் பழைய பதில், எடையை எந்தக் காலிலும் நிலைக்க விடாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பது. குலைப்பதற்கு அங்கே நிலையே கிடைக்காது. அண்மைக்காலத்தில் பரவியிருக்கும் பதில் பாடி லாக். மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் இடுப்பைச் சுற்றி இரு கைகளையும் கோத்துப் பூட்டி, தலையை வயிற்றில் அழுத்தி, கால்விரல்களில் நின்று முன்னேறுகிறார். ஊன்றுவதற்கான இரண்டு கைகளையும் அவரே கட்டிப்போட்டுவிட்டார். வெறும் கணக்கில் பார்த்தால் அவரைப் பக்கவாட்டில் உருட்டுவது மிக எளிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது நடப்பது அரிது. உருட்ட வேண்டிய இடுப்பே பூட்டுக்குள் இருக்கிறது. அதனால் இன்று தேர்ந்த கார்டுக்காரர்கள் அந்தப் பூட்டு விழுவதற்கு முந்திய கணத்தின்மேல் எல்லா உழைப்பையும் போடுகிறார்கள். எதிராளியின் கைகள் இடுப்பை நோக்கி வரும்போது முழங்காலையோ பட்டர்ஃபிளை கொக்கியையோ நடுவில் செருகி, தலையைக் கையால் ஒரு பக்கம் திருப்பி, கோர்க்க வந்த கைகளில் ஒன்றையாவது பாயில் ஊன்ற வைத்துவிட்டால் பூட்டு அந்த முறை விழுவதில்லை. அவர் மறுபடி வருவார். மறுபடியும் அதே கையைத் தரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.